சங்கு டேங்க்: கடைமடை ஊர் ஒன்றில் பழைய நீர்த்தொட்டியை இடிக்காமல் விட்ட நிகழ்வு

காவிரி டெல்டாவின் கடைமடைப் பக்கம் உள்ள ஒரு நகராட்சியில் 2021 மழைக்காலத்தில் தொடங்கிய விவகாரம் இது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தொட்டியைச் சோதித்தபோது உடன் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இதே மாதிரி தொட்டி நிற்கும் ஊர்கள் டெல்டாவில் இன்னும் உண்டு, அவர்களுக்கு இது பயன்படும்.

## தொட்டியும் ஊரும்

டெல்டா தட்டையான பூமி. மேட்டில் தேக்கி வைத்துக் குழாயில் இறக்கலாம் என்றால் மேடே கிடையாது. பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீரை நிறுத்தினால்தான் கீழே குழாயில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். அந்த உயரத்தைக் கட்டித்தான் உண்டாக்க வேண்டும். கடைமடையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு வேறு. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும் கணக்குப்படி, கோடையில் ஆறு மணலாகிவிடும். குளத்துத் தண்ணீரையும் ஆற்று ஊற்றையும் நம்பியிருந்த ஊருக்குத் தெருக்குழாய் வந்தது இந்தத் தொட்டியால்தான்.

எப்போது கட்டியது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. அடியில் பதித்த கல்லில் ஆண்டு இருந்த இடம் பொரிந்துபோய்விட்டது. கொள்ளளவு மட்டும் தெரிந்தது: முப்பதாயிரம் கேலன். கேலன் என்று எழுதியிருப்பதே ஒரு துப்பு, 1960களின் தொடக்கத்துக்குள் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்டது. காரை பெயர்ந்த இடங்களில் தெரிந்த கம்பிகள் வழவழப்பான உருண்டைக் கம்பிகள், முறுக்குக் கம்பி பரவலாவதற்கு முந்தைய பழக்கம். ஆக 1960க்கு முன்பு என்று துணிந்து சொல்லலாம், அதற்கு மேல் ஊகம்தான்.

வடிவம் 'இன்ட்ஸே' வகை. ஜெர்மன் பேராசிரியர் ஓட்டோ இன்ட்ஸே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை அது. உருளைச் சுவருக்குக் கீழே தொட்டி கூம்பாகக் குறுகும், நடுவில் அடித்தளம் மேல்நோக்கிக் குவிந்த கும்மட்டமாக இருக்கும். கூம்பு உள்ளே தள்ளும், கும்மட்டம் வெளியே தள்ளும், இரண்டும் சந்திக்கும் வளைய உத்திரத்தில் ஒன்றையொன்று ஈடுகட்டும். இந்த வளைய உத்திரம் பின்னால் மூன்று முறை வரும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஊருக்கு இது 'சங்கு டேங்க்'. நேரம் அறிவிக்க ஊதும் நகராட்சிச் சங்கு (சைரன்) இதன் மேல்தான் இருந்தது. கடை திறப்பது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கிளம்புவது எல்லாம் அந்தச் சத்தத்தை வைத்துத்தான். கொள்ளிடக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வரத் தொடங்கி, வேறொரு வார்டில் பெரிய தொட்டி கட்டியதும் இது ஓய்வுக்குப் போனது. சங்கும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது.

## காரை விழுந்தது

2021 நவம்பரில் டெல்டாவில் விடாத மழை. ஒருநாள் காலையில் தொட்டியின் அடியிலிருந்து ஒரு பெரிய சில்லு பெயர்ந்து பூக்கடையின் தார்ப்பாயில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. நகராட்சி மூங்கில் கட்டி மறித்தது. அடுத்த மாதம் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மாணவர்கள் இறந்தார்கள். மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வேகத்தில் பள்ளியல்லாத பழைய கட்டடங்களும் பட்டியலில் ஏறின, எங்கள் தொட்டி உட்பட.

அப்போது நகர்மன்றமே இல்லை. 2016 முதல் தனி அலுவலர் பொறுப்பு. தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. கோப்பில் இடிக்கச் சொல்லி ஒரு குறிப்பு, அதற்கு ஆதாரமாக ஒரு பக்க அறிக்கை: 'நேரில் பார்வையிட்டதில் பழுதடைந்துள்ளது, உபயோகத்தில் இல்லை, அகற்றலாம்.' சுத்தியால் தட்டிக்கூடப் பார்க்காத அறிக்கை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உறுதித்தன்மைச் சான்று கேட்டபோது வந்ததும் இதே பக்கம்தான்.

இடிக்கச் சொன்னவர்களை வில்லனாக்கிப் பார்க்கக் கூடாது. கீழே கடை வைத்திருப்பவர்களும், அந்த வழியாகப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் கேட்டது நியாயமான கேள்வி: விழுந்தால் யார் பொறுப்பு? காக்கச் சொன்னவர்கள் ஒரு சிறு குழு, பெரும்பாலும் கோயில்களில் உழவாரப்பணி செய்பவர்கள். அவர்கள் முதலில் வைத்த வாதம் பலவீனமானது: 'கஜாவுக்கே அசையவில்லை.' 2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்தபோது தொட்டி நின்றது உண்மைதான். ஆனால் அன்று நின்றது அடுத்த புயலுக்கும் நிற்கும் என்பதற்குச் சான்று ஆகாது. கம்பி துருப்பிடிப்பது ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிற கடன்.

சட்டப் பாதுகாப்பு தேடிப் பார்த்தார்கள். மத்திய தொல்லியல் சட்டத்துக்கு நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும், நம்மிடம் ஆண்டுக்கே சான்று இல்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்காக மாநில அரசு 2012-ல் நிறைவேற்றிய ஆணையச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி: சொத்து நகராட்சியுடையது, நகராட்சியே தீர்மானம் போட வேண்டும். அதற்கு முன் தொட்டியின் உண்மை நிலை தெரிய வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒரு பொறியியல் கல்லூரியின் கட்டுமானத் துறை சோதிக்கும் வரை இடிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். நிறுத்தி வைத்தார்கள்.

## முள் சொன்ன செய்தி

இந்த நிகழ்வில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்ட விஷயம் சோதனைக் கருவிகளால் தெரியவந்ததல்ல.

தொட்டியின் வெளிச்சுவரில் அடிக்கணக்கு எழுதிய நீளப் பலகை ஒன்று உண்டு. உள்ளே மிதவை, மேலே கப்பி, வெளியே எடைக்கட்டையோடு ஒரு குறிமுள். அந்த முள் பலகையின் கீழ்ப்பக்கமாக நின்றது. வந்திருந்த மாணவர்கள் 'தொட்டி காலி' என்று எழுதிக்கொண்டார்கள். நகராட்சி ஊழியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பல வருடமாகப் பயன்பாட்டில் இல்லாத தொட்டி காலியாகத்தானே இருக்கும்.

பணி ஓய்வு பெற்ற டேங்க் ஆபரேட்டர் ஒருவரைக் குழு அழைத்து வந்திருந்தது. அவர் பலகையைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். "தம்பி, யாரு காலின்னு சொன்னது? உள்ள மிதவை ஏறுனா வெளிய முள்ளு எறங்கும். முள்ளு கீழ கெடக்குதுன்னா தண்ணி கெடக்குது."

"முள்ளு துருப்பிடிச்சு மாட்டியிருக்கும் ஐயா."

"அப்டின்னா வாஷ்அவுட்டத் தொறந்து பாருங்க."

வாஷ்அவுட் என்றால் தொட்டியை அடியிலிருந்து வடிக்கும் குழாய். அதன் வால்வைத் திறக்கும் 'டி' சாவி அவர் வீட்டிலேயே இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, குழாயைத் தட்டி, நான்கு பேர் சேர்ந்து திருகியதில் வால்வு அசைந்தது. முதலில் கறுப்பாகச் சேறு, அப்புறம் துரு நிறத்தில் தண்ணீர். மத்தியானம் வரை ஓடியது. தொட்டியில் ஏறக்குறைய முக்கால்வாசி தண்ணீர் இருந்திருக்கிறது.

அது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை. பழைய ஏற்றுக்குழாய் புதிய பிரதானக் குழாயிலிருந்து துண்டிக்கப்படவே இல்லை. நடுவில் இருந்த வால்வை மூடியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வால்வின் தட்டு தேய்ந்து, தண்ணீர் விடும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மேலே ஏறியிருக்கிறது. ஏறிய தண்ணீர் அடிக் கும்மட்டத்தின் விரிசல் வழியாகச் சொட்டியிருக்கிறது. கீழே நின்றவர்கள் அதை மழை ஈரம் என்று நினைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால் இதன் கனம் புரியும். முப்பதாயிரம் கேலன் என்றால் சுமார் 1,36,000 லிட்டர், நிறைந்தால் 136 டன். 'உபயோகத்தில் இல்லை' என்று கோப்பில் எழுதிய தொட்டி, நூறு டன் பக்கம் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்கு மேலே நின்றிருக்கிறது. துருவுக்கு வேண்டிய ஈரமும் ஓயாமல் கிடைத்திருக்கிறது. அன்று இடிக்க ஆள் வந்திருந்து, காலி என்று நம்பி மேலே ஏறி உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

## சோதனையில் தெரிந்தது

தண்ணீர் வடிந்த பிறகு சாரம் கட்டினார்கள். கான்கிரீட்டின் பலத்தை அளக்கும் மீள்துள்ளல் சுத்தியல் எல்லா இடத்திலும் நல்ல எண்ணே காட்டியது. துறைப் பேராசிரியர் அதை நம்பவில்லை. காற்றிலுள்ள கரியமிலவாயு பழைய கான்கிரீட்டின் மேல்தோலை இறுக்கிவிடும், சுத்தியல் அந்தத் தோலைத்தான் அளக்கும். அதே வேதிமாற்றம் கம்பியைக் காக்கும் காரத்தன்மையைப் போக்கிவிடும். அதாவது எண் நன்றாக இருப்பதே கெட்ட செய்தியாக இருக்கலாம்.

எனவே ஃபீனால்ஃப்தலீன் தெளித்துப் பார்த்தார்கள். புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால், காரம் மிச்சமுள்ள இடம் ரோஜா நிறமாகும், போன இடம் நிறம் மாறாது. தூண்களில் ஓரம் கொஞ்சம் வெளிறி, கம்பிக்கு முன்பே ரோஜா தொடங்கியது. அடிக் கும்மட்டத்தில் கம்பியைத் தாண்டியும் நிறம் வரவில்லை. விரிசல் ஓரங்களில் சுண்ணாம்பு கரைந்து வெள்ளைக் குச்சிகளாகத் தொங்கியது. மேல்மூடியின் உட்புறமும் மோசம், குளோரின் ஆவி அங்கேதான் தங்கும். வளைய உத்திரம் ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பாதிக்கப்பட்டிருந்தது. தூண்கள் செங்குத்தாக இருந்தன, அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கவில்லை.

பூக்கடைக்காரர் அந்தச் சில்லை எடுத்து வைத்திருந்தார். பார்த்தால் அது மூலக் கான்கிரீட்டே இல்லை. துருவைச் சுத்தம் செய்யாமல் மேலே அப்பிய சிமென்ட் பூச்சு, அதன்மேல் இரண்டு மூன்று தடவை அடித்த பெயின்ட். விழுந்தது பழைய பழுதுபார்ப்பு வேலை. பூசி வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்பது நம் அரசுக் கட்டடப் பராமரிப்பின் பாதிச் சரித்திரம்.

## என்ன செய்வது என்று முடிவெடுத்தது

மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. இடிப்பது ஒன்று. நெருக்கமான கடைத்தெருவில் இதுவும் மலிவான வேலையில்லை, சுற்றியுள்ள கடைகளைச் சில வாரங்கள் மூட வேண்டியிருக்கும். மீண்டும் குடிநீர்த் தொட்டியாக்குவது இரண்டாவது. குழுவில் சிலருக்கு இதில்தான் ஆசை. ஆனால் அடிக் கும்மட்டத்தை வெட்டியெடுத்து மறுபடி வார்க்காமல் தண்ணீர் நிற்காது, ஊருக்கு இந்தக் கொள்ளளவு இப்போது தேவையும் இல்லை. ஆசைக்காக நகராட்சிப் பணத்தைக் கொட்டச் சொல்வது எனக்கும் சரியாகப் படவில்லை.

மூன்றாவது, தண்ணீர் இல்லாமல் கட்டடமாக மட்டும் நிறுத்துவது. குழுவில் மூத்தவர் ஒருவர் இதைக் கேட்டதும், "தண்ணி இல்லாத டேங்க் எதுக்குப்பா?" என்றார். தூண் தாங்குமா என்ற கேள்விக்குத் தண்ணீரை எடுத்தாலே பாதி பதில் கிடைத்துவிடுகிறது, பழுதும் அந்த வேகத்தில் வளராது என்று விளக்கிய பிறகு ஒத்துக்கொண்டார். ஆனால் காலித் தொட்டிக்கு வேறொரு ஆபத்து உண்டு: கனம் குறைந்தால் புயல் காற்று சாய்க்கப் பார்க்கும்போது பிடித்து நிறுத்தும் எடையும் குறையும். புயல் பாதையில் உள்ள ஊரில் இதைக் கணக்கிடாமல் விட முடியாது. பேராசிரியர் இரண்டு நிலைக்கும் கணக்குப் போட்டு, காலியாகவும் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து இல்லாமல் மன்றத்துக்குப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் தோற்றிருப்போம்.

## மன்றத்தில்

புதிய மன்றம் வந்து சில மாதம் கழித்துப் பொருள் அஜெண்டாவில் ஏறியது. அந்த வார்டு கவுன்சிலர் பெண். தேர்தலில் அவருக்கு வாக்களித்தவர்களில் பாதிப் பேர் இடிக்கச் சொன்னவர்கள். அவர் ஒரு பக்கம் சாயாமல் நிபந்தனை போட்டார்: தொட்டிக்கு நேர் கீழே கடை கூடாது, அங்கே இருக்கும் கடைகளுக்குப் பக்கத்திலேயே மாற்றிடம் தர வேண்டும். கடைக்காரர்களின் எதிர்ப்பு இதோடு பெரும்பாலும் அடங்கியது.

கடுமையான எதிர்ப்பு சுகாதாரப் பிரிவிலிருந்து வந்தது, அதுவும் சரியான எதிர்ப்பு. கைவிட்ட தொட்டி என்றால் கொசு. வடித்த தண்ணீரில் புழுக்கள் இருந்ததை அவர்களே பார்த்தார்கள். பதில் எளிமையானது: குழாயை வெட்டி, தகடு வைத்து அடைத்துவிடுவது. வாஷ்அவுட்டை மூடவே முடியாதபடி வால்வைக் கழற்றித் திறந்த குழாயாக விட்டு, வாய்க்கு வலை கட்டுவது. மழை எவ்வளவு பெய்தாலும் அன்றன்றே இறங்கிவிடும்.

சங்கைப் பற்றி யாரும் திட்டமிட்டுப் பேசவில்லை. ஒரு கவுன்சிலர் "சங்கு ஊதுற டேங்க்க இடிச்சிட்டு அப்புறம் அந்த பஸ் ஸ்டாப்புக்கு என்ன பேரு வைப்பீங்க?" என்று கேட்டார். சபை சிரித்தது. பாரம்பரியம் பற்றிக் குழு அச்சடித்துக் கொடுத்த நான்கு பக்கத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. இந்தக் கேள்வி எல்லோருக்கும் எட்டியது. தீர்மானம் நிறைவேறியது. செலவுக்கு 'நமக்கு நாமே' திட்டம்: பொதுமக்கள் ஒரு பங்கு போட, மீதி அரசு. பங்கில் பெரும்பகுதி கடைத்தெருவிலிருந்தே வந்தது.

## வேலை நடந்த விதம்

முதல் வேலை மரம். மேல் நடைபாதையின் மூலையில் ஒரு அரசங்கன்று கைத்தடி கனத்துக்கு வளர்ந்திருந்தது. ஒப்பந்ததாரரின் ஆள் அதை அரிவாளால் வெட்டப் போனார். உழவாரப்பணிக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். கோபுரங்களில் அவர்கள் பார்த்த அனுபவம்: மேலே வெட்டினால் வேர் இரண்டு மடங்காகக் கிளைக்கும், இழுத்துப் பிடுங்கினால் கட்டு பெயரும். தண்டில் துளையிட்டு மருந்து வைத்து, முழுக்கப் பட்டுப்போகும் வரை விட்டு, அப்புறம் துண்டு துண்டாக எடுத்தார்கள். அந்த இடத்தில் ஒப்பந்ததாரரைவிட இவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது.

அடுத்து, தட்டி வெற்றுச் சத்தம் வந்த காரையை எல்லாம் உதிர்த்தார்கள். கம்பியின் பின்பக்கம் வரை கான்கிரீட்டைக் கொத்தி, துருவைச் சுரண்டி, காப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தார்கள். வளைய உத்திரத்துக்குத்தான் அதிகக் கவனம். அடிக் கும்மட்டத்தை முழுதாகச் சரிசெய்யப் பணம் போதவில்லை. அதன் கீழே நிரந்தரமாக எஃகு வலை கட்டி, விழுந்தாலும் வலையில் நிற்கும்படி செய்தார்கள். பார்க்க அழகாக இல்லை, ஆனால் நேர்மையான தீர்வு.

## அதற்குப் பின்

தொட்டி நிற்கிறது, வடகிழக்குப் பருவமழைகளைக் கண்டுவிட்டது, சொட்டுவதில்லை. ஒரு செல்போன் நிறுவனத்துக்காக ஆண்டெனா வைக்க இடம் கேட்டு ஒருவர் வந்தார். வாடகை வரும் என்பதால் நகராட்சிக்கு விருப்பம்தான். தாங்கிகளை வளைய உத்திரத்தில் துளைபோட்டு இறுக்கப் போகிறார்கள் என்று வரைபடத்தில் தெரிந்ததும் பொறியியல் பிரிவே வேண்டாம் என்று எழுதிவிட்டது. சங்கை மீண்டும் ஏற்றும் யோசனை நடக்கவில்லை.

இழப்பு வேறு இடத்தில் ஏற்பட்டது. தொட்டியை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட பம்ப் ஹவுஸ் இருந்தது. உள்ளே ஆயில் என்ஜின், எழுத்து புடைத்த வார்ப்பிரும்பு வால்வுகள், தோல் பெல்ட் ஓடிய சக்கரம். தீர்மானத்தில் இருந்தது தொட்டி மட்டும். உதவாத பொருட்களின் ஏலம் வேறொரு கோப்பில், வேறொரு எழுத்தரிடம், தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. தொட்டியில் சாரம் நின்ற அதே வாரத்தில் என்ஜின் பழைய இரும்பாக லாரி ஏறியது. சட்டப்படி தவறு ஏதும் இல்லை. ஊருக்குத் தண்ணீர் எப்படி ஏறியது என்பதைச் சொல்லக்கூடிய பொருட்கள் அங்கேதான் இருந்தன. மிச்சம் சில புகைப்படங்களும், ஆபரேட்டர் வீட்டு 'டி' சாவியும்.

## வேறு ஊரில் இதைச் செய்வதானால்

தீர்மானத்தின் வாசகத்தில் தொட்டியோடு பம்ப் ஹவுஸ், கிணறு, வால்வு அறை, இயந்திரங்கள், நீர்மட்டப் பலகை எல்லாவற்றையும் சொத்துப் பதிவேட்டு எண்ணோடு எழுத வேண்டும். ஏலப் பட்டியலையும் அதே கூட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பயன்பாட்டிலிருந்து எடுத்த எந்தத் தொட்டியாக இருந்தாலும், காப்பதோ இடிப்பதோ, முதலில் வாஷ்அவுட்டைத் திறந்து பாருங்கள். வால்வு மூடியிருக்கிறது என்ற வாய்வார்த்தை போதாது, குழாய் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், பழைய ஆபரேட்டர் ஒருவர் போதும். அவர்கள் ஓய்வு பெறும்போதே எந்த வால்வு எங்கே போகிறது என்று ஒரு வரைபடம் வாங்கி வைத்தால் நகராட்சிக்கே லாபம்.

உறுதித்தன்மைச் சோதனையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று தீர்மானம் சொல்கிறது. அதற்கான பணம் எந்தத் தலைப்பில் என்று சொல்லவில்லை. முதல் முறை கல்லூரி இலவசமாகச் செய்தது. அடுத்த சோதனைக்கு நகராட்சி பட்ஜெட்டில் தனி இனம் கேட்டுக் குழு மனு கொடுத்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.